மழைக்கால வாழ்த்து அட்டையும் நினைவு ஆல்பமும்: தாள் வளைகிறது, மடிப்பு வெடிக்கிறது

தாள்மடி கேட்டது:

வணக்கம். கிறிஸ்துமஸில் தொடங்கிக் காணும் பொங்கலில் முடிகிற மாதிரி ஒரு நினைவு ஆல்பம், கூடவே கையால் செய்த 30 வாழ்த்து அட்டைகள். இதுதான் திட்டம். ஊர் சென்னை. அதாவது வேலை முழுக்க வடகிழக்குப் பருவமழை ஈரத்தில்தான் நடக்கும். மெஷின் எதுவும் கிடையாது. பேப்பர் கத்தி, ஸ்டீல் ஸ்கேல், இஸ்திரிப் பெட்டி, ஏ4 பிரிண்டர், இவ்வளவுதான்.

சோதனைக்குச் செய்த இரண்டு பக்கமும் நான்கு அட்டையும் இப்படி வந்திருக்கின்றன:

ஆல்பத்துக்கு 12×12 அங்குலத்தில் சார்ட் பேப்பர் வெட்டி, அதன்மேல் வண்ணத்தாளை வெள்ளைப் பசையால் முழுக்க ஒட்டினேன். மறுநாள் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. அட்டைகளில் இரண்டு மடிப்பில் வெடித்து உள்ளே வெள்ளை தெரிகிறது. அதே தாளில் வெட்டிய மற்ற இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே எழுந்து நிற்கிற பொங்கல் பானை, அட்டையை மூடினால் வெளியே எட்டிப் பார்க்கிறது. ஜிகினா ஒட்டவே மாட்டேன் என்கிறது, தொட்டதிலெல்லாம் கொட்டுகிறது.

எந்தத் தாள், எந்தப் பசை, எந்த பைண்டிங்? பழைய ஒட்டும் ஆல்பத்திலிருந்து சில படங்களை இதற்கு மாற்றவும் வேண்டும். பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

---

காலிகோ எழுதியது:

வளைவதற்கும் வெடிப்பதற்கும் வேர் ஒன்றுதான்: தாளின் இழையோட்டம். அச்சகத்தில் கிரெய்ன் என்பார்கள். ஆலையில் தாள் ஓடுகிற திசையிலேயே நார்களும் படுத்துக்கொள்கின்றன. நார் ஈரம் குடித்தால் நீளாது, பருக்கும். அதனால் தாள் இழைக்குக் குறுக்கேதான் விரியும். நெடுக்குவாட்டில் கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். ஒட்டும்போது விரிந்த வண்ணத்தாள் காயும்போது சுருங்கி, அடியில் இருக்கும் அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உங்கள் அப்பளம் அப்படித்தான் பொரிந்தது.

இழையைக் கண்டுபிடிக்கத் தாளின் ஒரு ஓரத்தைத் தூக்கி எதிர் ஓரத்தின் மேல் கொண்டுவந்து, மடிப்பு விழாமல் உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். பிறகு தாளைக் கால் வட்டம் திருப்பி அதையே செய்யுங்கள். எந்த வாட்டத்தில் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசைதான் இழை. சந்தேகம் தீரவில்லை என்றால் 5 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெட்டி ஒரு முகத்தில் மட்டும் தண்ணீர் தடவுங்கள். சில நொடியில் குழாய்போலச் சுருளும். குழாயின் நீளவாட்டம்தான் இழை. கண்டுபிடித்ததும் தாளின் பின்புறம் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். துண்டு துண்டாக வெட்டிய பிறகு நினைவில் நிற்காது.

மடிப்பு இழையோடு ஓட வேண்டும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து மேல்பூச்சு பிளக்கும். ஒரே தாளில் வெட்டிய நாலில் இரண்டு மட்டும் வெடித்ததென்றால், அந்த இரண்டைத் தாளில் திருப்பிப்போட்டு வெட்டியிருக்கிறீர்கள். ஆல்பத்தில் முதுகும் இழையும் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கங்கள் திரும்பாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுகிற தாள்கள் எல்லாவற்றுக்கும் இழை ஒரே திசையில் இருப்பது நல்லது.

இனி பசை. மழைக்காலத்துக்கு என் விதி ஒன்றுதான்: எவ்வளவு தண்ணீர் குறைகிறதோ அவ்வளவு நல்லது. தாளோடு தாள் ஒட்டப் பசைக்குச்சி போதும், ஆனால் ஓரம் வரை தேய்க்க வேண்டும். ஓரத்தில் 3 மி.மீ. விட்டுவிட்டால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். வண்ணத்தாளை முழுக்க ஒட்டவே வேண்டாம். நான்கு ஓரத்தில் இருபக்க டேப், நடுவில் பெருக்கல் குறிபோல இரண்டு வரி. நாளைக்கு ஈரத்தில் தாள் சற்று விரிந்தாலும் சுருங்கினாலும் அதற்கு இடம் இருக்கும். மலிவான இருபக்க டேப் இரண்டு மூன்று வருடத்தில் மஞ்சளாகிப் பிசின் கக்கும், அதில் காசு பார்க்காதீர்கள். சாதாரண செல்லோ டேப் பக்கமே போகக் கூடாது.

மேலட்டைக்குத் துணியோ தாளோ ஒட்டும்போது மட்டும் வெள்ளைப் பசையை முழுக்கத் தடவியாக வேண்டும். பசை 3 பங்குக்குத் தண்ணீர் 1 பங்கு, அதற்கு மேல் வேண்டாம். பசையை மேலே ஒட்டப்போகிற தாளில் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துத் தடவுங்கள், பலகையில் அல்ல. ஒட்டி முடித்ததும் பலகையின் மறுமுகத்திலும் அதே கனத் தாளை, அதே இழைத்திசையில் ஒட்டிவிடுங்கள். ஒரு பக்கம் இழுப்பதை மறு பக்கம் இழுத்துச் சமன் செய்யும். உள்தாள் ஒட்டாத மேலட்டை வளையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு பாரம். ஒட்டியதன் இருபுறமும் பட்டர் பேப்பர், அதற்கு வெளியே அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் நான்கைந்து தாள், மேலே சமமான பலகை, அதன்மேல் 5 அல்லது 6 கிலோ. அரிசி டப்பா போதும். 20 நிமிடத்தில் ஒருமுறை, 2 மணி நேரத்தில் ஒருமுறை நியூஸ்பிரிண்டை மாற்றுங்கள். ஈரம் அதில்தான் இறங்கியிருக்கும். அச்சடித்த செய்தித்தாளை வைத்தால் தலைப்புச் செய்தி உங்கள் அட்டையில் ஏறிவிடும். வெயில் காலத்தில் ஒரு ராத்திரி போதும், இப்போது 48 மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு மின்விசிறிக்கு அடியில் வைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. மேல்முகம் முதலில் காய்ந்து, அடிமுகம் ஈரமாகவே இருக்க, வளைவு அங்கேயே உறுதியாகிவிடும்.

12×12 பற்றி: அது வெளிநாட்டு ஸ்கிராப்புக் தாள்களின் அளவு. ஏ4 பிரிண்டரில் அது வராது. ஏ3 தாளில்கூட வராது, அதன் அகலம் 297 மி.மீ., 12 அங்குலமோ 305. 8×8 அங்குலம் எடுங்கள். 203 மி.மீ. என்பது ஏ4 தாளின் 210 அகலத்துக்குள் அடங்கும். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஏ4 அட்டையில் 203 சதுரம் வெட்டியது போக 94×210 துண்டு மிஞ்சும். அதில் பைகள், பெயர்ச்சீட்டுகள் செய்யலாம். சதுரத்தில் இன்னொரு வசதி: இழை எந்தப் பக்கம் ஓடினாலும் பக்கத்தைத் திருப்பி முதுகோடு சேர்த்துவிடலாம்.

---

மடிப்புக்கணக்கு எழுதியது:

காலிகோ சொன்ன இழையை வைத்தே 30 அட்டைக்குக் கணக்குப் போட்டுவிடலாம். கடையில் கிடைக்கும் முழு சார்ட் தாள் பெரும்பாலும் 22×28 அங்குலம், அதாவது 559×711 மி.மீ. கொஞ்சம் கனமானதாக, 200 ஜி.எஸ்.எம்.மிலிருந்து 250 வரை, கேட்டு வாங்குங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். கொடுக்கும்போது சுருட்டித்தான் தருவார்கள். வந்த உடனே விரித்து ஒரு நாள் பாரம் வைத்துவிட்டு, பிறகு கத்தியை எடுங்கள்.

இழை 28 அங்குல வாட்டத்தில் ஓடினால், அந்தப் பக்கத்தை 5 ஆகவும் 22 பக்கத்தை 3 ஆகவும் பிரியுங்கள். 142×186 மி.மீ. துண்டுகள் 15 கிடைக்கும். மடித்தால் 93×142 அட்டை, மடிப்பு இழையோடு ஓடும். இரண்டு தாளில் சரியாக 30. இழை 22 அங்குல வாட்டத்தில் ஓடினால் நாலுக்கு நாலு, ஒரு தாளில் 16. துண்டு 177×139, மடித்தால் 88×139. இரண்டு தாளில் 32, கைதவறிப்போக இரண்டு உபரி. முதல் முறையில் உபரியே இல்லை, மூன்றாவது தாளும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு வாய் மழுங்கினால் தாள் கிழியும். ஐந்தாறு நீள வெட்டுக்கு ஒருமுறை முனையை ஒடித்துவிடுங்கள்.

மடிப்பதற்கு முன் கோடு அமுக்க வேண்டும். அதற்கென்று கருவி விற்கிறார்கள், தேவையில்லை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவே நல்ல கருவி. அடியில் பழைய காலண்டர் அட்டையை வைத்து, ஸ்கேலை ஒட்டி இரண்டு முறை இழுங்கள். பள்ளம் விழுந்த பக்கம் வெளிப்பக்கமாக வரும்படி மடிக்க வேண்டும். பலர் பள்ளத்துக்குள் மடிக்கிறார்கள், பார்க்க அதுதான் இயல்பு என்று தோன்றும், ஆனால் அப்போது மேடு வெளிப்பக்கம் வந்து, அங்கே தாள் கூடுதலாக இழுபட்டு வெடிக்கும். மடித்ததை ஸ்பூனின் முதுகால் தேயுங்கள். நடுவில் ஒரு பட்டர் பேப்பர் இருந்தால் பளபளப்புத் தழும்பு விழாது.

உறைக்கு ஏ4 தாளிலிருந்து 190 மி.மீ. சதுரம். அட்டையை நடுவில் மூலைவிட்டமாக வைத்து, நான்கு மூலையையும் உள்ளே மடியுங்கள். அட்டையை ஒட்டி இறுக்கி மடிக்காமல் நாலு பக்கமும் 2 மி.மீ. விட்டு மடித்தால்தான் பாப்-அப் உள்ள தடிமன் அட்டை நுழையும்.

இனி எட்டிப் பார்க்கிற பானை. இது வெறும் கூட்டல் கணக்கு. மடிப்பு மேலே கிடைமட்டமாக இருக்க, அட்டை மடிக்கணினிபோலத் திறக்கிறது என்று வையுங்கள். பானை ஒட்டிய முகம், மடிப்பிலிருந்து எவ்வளவு தள்ளித் தரையைத் தொடுகிறதோ அது தூரம். பானையின் அடியிலிருந்து உச்சி வரை உயரம். மூடும்போது பானை முன்பக்கமாகச் சாய்ந்து படுக்கும். அதனால் அதன் உச்சி, மடிப்பிலிருந்து தூரமும் உயரமும் சேர்ந்த அளவுக்குப் போய் நிற்கும். அந்தக் கூட்டுத்தொகை மூடிய அட்டையின் அகலத்துக்குள் இருக்க வேண்டும். 93 மி.மீ. அட்டையில் ஓரத்துக்கு 5 விட்டால் 88. தூரம் 30 என்றால் உயரம் 58 வரை போகலாம். கரும்பு உயரமாக வேண்டும் என்றால் தூரத்தை 15 ஆக்குங்கள், 73 வரை கிடைக்கும். பின்னால் கரும்பு, நடுவில் பானை, முன்னால் கோலம் என்று வைக்கும் வழக்கம் இந்தக் கணக்குக்கும் பொருந்துகிறது.

பானையைத் தாங்கி நிற்கிற படிக்கட்டு செய்யும் விதம்: 140 அல்லது 160 ஜி.எஸ்.எம்.மில் உள்தாள், அட்டையைவிட எல்லாப் பக்கமும் 4 மி.மீ. சிறியது. பாதியாக மடித்து, மடிப்பிலிருந்து உள்நோக்கி 30 மி.மீ. நீளத்தில் இரண்டு இணை வெட்டு, இடையே 20 மி.மீ. அந்த நாக்கை முன்னும் பின்னும் ஒருமுறை மடித்து, தாளைத் திறந்து, உள்ளே தள்ளுங்கள். பெட்டிபோல நிற்கும். அதன் முன்முகத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் பசை வைத்துப் பானையை ஒட்டுங்கள். முன்முகம் முழுக்க ஒட்டிவிட்டு, பசை மேல் மடிப்பில் வழிந்தால் பெட்டி மடங்காது. உள்தாளை அட்டையில் ஒட்டும்போது பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பசை படக் கூடாது. அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வது.

கிறிஸ்துமஸ் அட்டைக்கு ஐந்துமுனை நட்சத்திரம். வெளிவட்டம் 40 மி.மீ. ஆரம், உள்வட்டம் 15. 72 பாகைக்கு ஒன்றாக ஐந்து முனை. இரண்டு முனைக்கு நடுவே 36 பாகையில் உள்மூலை. வெட்டிய பிறகு முனையிலிருந்து மையத்துக்குப் போகும் ஐந்து கோடும் மேடாக, உள்மூலையிலிருந்து மையத்துக்குப் போகும் ஐந்து கோடும் பள்ளமாக மடித்தால் நட்சத்திரம் உப்பி எழும். உள்வட்டத்தை 20க்கு மேல் எடுத்தால் பூ மாதிரி ஆகிவிடும்.

ஜிகினா: பசை காயத் தொடங்கிய பிறகு தூவினால் ஒட்டாது, மழைநாளில் பசை மேலே ஆடை கட்டிக்கொண்டு உள்ளே ஈரமாக இருப்பதால் கை ஏமாறும். உள்ளங்கை அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் பசை தடவாதீர்கள். தூவி, லேசாக அமுக்கி, ஒரு நிமிடம் கழித்துத் தட்டிவிட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் காய்ந்த மென்தூரிகையால் துடைத்துவிட்டால் பிறகு கொட்டுவது மிகக் குறையும். ஆல்பத்தில் ஜிகினாத் தூள் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அது உப்புத்தாள் மாதிரி எதிர்ப் பக்கத்துப் படத்தைக் கீறும். மினுக்கம் வேண்டும் என்றால் சமிக்கி வைத்து ஒட்டுங்கள், அல்லது பொன்னிறப் பேனா.

சிலர் எம்பாஸிங் பவுடர் (ஈர மையின்மேல் தூவிச் சூடு காட்டினால் உருகி மேடாக நிற்கும் தூள்) கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மெல்லக் காயும் பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த மை) வேண்டும், சாதாரண ஸ்டாம்ப் பேட் மை பவுடர் விழும் முன்பே காய்ந்துவிடும். ஈரக் காற்றில் பவுடர் வேண்டாத இடத்திலும் ஒட்டும். முத்திரை குத்துவதற்கு முன் தாளை முகப்பவுடர் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். தலைமுடி உலர்த்தி உதவாது, சூடு போதாது, காற்று பவுடரை ஊதித் தள்ளும். இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் நிமிர்த்தி வைத்து, தாளின் பின்புறத்தை அதற்கு மேலே தொடாமல் காட்டுங்கள். பவுடர் உருகிப் பளபளத்த நொடியில் எடுத்துவிட வேண்டும். இன்னும் காட்டினால் எண்ணெய்க் கறை மாதிரி தாளுக்குள் இறங்கிவிடும்.

---

இருட்டறை எழுதியது:

படங்களுக்கு வருகிறேன். ஒட்டும் ஆல்பத்தில் அடியில் பசைவரி, மேலே பிளாஸ்டிக். வருடம் போகப் போக அந்தப் பசை கெட்டியாகிப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். மேலே பி.வி.சி. தாள் என்றால் அதை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த வேதிப்பொருள் படத்தின் முகத்துக்கு வரும். போதாததற்கு, ஸ்டூடியோ பிரிண்டின் முகத்தில் இருப்பது ஜெலட்டின். ஈரத்தில் அது உப்பிப் பிசுபிசுக்கும், தொட்டுக்கொண்டிருப்பது எதுவானாலும் ஒட்டிக்கொள்ளும்.

பிய்ப்பதற்கு முன் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள், குறைந்தது 600 டி.பி.ஐ. படம் கிழிந்தாலும் உருவம் கையில் இருக்கும். பிறகு முதுகுப் பக்கம் ஒட்டியவற்றுக்கு, வாசனையும் மெழுகும் இல்லாத பல்லிடை நூலை ஒரு மூலையில் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே நுழைத்து, அறுப்பதுபோல இழுத்து இழுத்துப் போங்கள். படத்தை வளைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டி, உலர்த்தி என்று யாராவது சூடு காட்டச் சொன்னால் கேட்காதீர்கள். முகம் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே வேண்டாம், படலம் உரிந்து பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். ஸ்கேனை வைத்துப் புதுப் பிரிண்ட் போட்டுக்கொள்வதுதான் வழி.

புதிய ஆல்பத்தில் படத்தின் முதுகில் எந்தப் பசையும் வேண்டாம். மூலைப்பிடி போதும். மிஞ்சிய தாளில் 20×40 மி.மீ. துண்டு வெட்டி, நீளப் பக்கத்தின் நடுவிலிருந்து இரு ஓரத்தையும் கீழே மடித்தால் முக்கோணப் பை வரும். பையைப் படத்தின் மூலையில் மாட்டி, பையின் முதுகில் மட்டும் பசை. நாளைக்குப் படத்தை எடுத்துப் பிரதி போடலாம், திருப்பி மாட்டலாம்.

8×8 பக்கத்தில், ஸ்டூடியோவில் மேக்ஸி என்று சொல்லும் 4×6 படம் இரண்டு அடங்காது. 102ஐ இரண்டு முறை அடுக்கினால் 204, பக்கமே 203தான். 3.5×5 அளவில் போடச் சொல்லுங்கள். 89 மி.மீ. இரண்டு சேர்ந்தால் 178, மேலும் கீழும் மூச்சுவிட இடம் இருக்கும். பக்கத்துக்கு ஒரே ஒரு 4×6 வைத்துக் கீழே எழுத இடம் விடுவது இன்னும் அழகு. வீட்டு இங்க்ஜெட்டில் டை மையால் (கரையும் சாய மை) அச்சிட்ட படம் ஈரவிரல் பட்டாலே கலையும். ஆல்பத்துக்கு ஸ்டூடியோ பிரிண்டே நம்பகம். எழுதுவதற்கு ஜெல் பேனா வேண்டாம், பிக்மென்ட் மை என்று போட்டிருக்கும் பேனா. பால்பாயிண்டால் படத்தின் முதுகில் எழுதினால் முகத்தில் தடம் தெரியும்.

தாள் வாங்கும்போது அமிலமற்றது என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். படங்களோடு சேர்த்து வைக்கிற பொருள்களைச் சோதிப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 18916 என்ற தரம் இருக்கிறது. அந்த எண் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சார்ட் பேப்பர் அட்டைக்குச் சரி, ஆல்பத்துக்கு வேண்டாம்.

பக்கங்களில் மற்றவை: சினிமா டிக்கெட், கடை ரசீது எல்லாம் சூட்டில் அச்சாகும் வெப்பத்தாள், இரண்டு மூன்று வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். நகல் எடுத்து நகலை ஒட்டுங்கள். தினசரி நாட்காட்டித் தாள் மஞ்சளாகும், பக்கத்தில் இருக்கும் தாளையும் மஞ்சளாக்கும். அதற்கும் நகல்தான். கிரேப் காகிதம் ஈரம் பட்டால் சாயம் இறக்கும், அட்டையில்கூட நான் சேர்க்க மாட்டேன்.

---

தாள்மடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. தண்ணீர்ச் சோதனை செய்தேன், என் சார்ட்டில் இழை 28 வாட்டம்தான், 15 வீதம் வெட்டிவிட்டேன். மடிப்பு எதுவும் வெடிக்கவில்லை. பானைக்கு 25ம் 60ம் வைத்தேன், உள்ளேயே நிற்கிறது.

மூன்று கேள்விகள் மிச்சம். ஆல்பத்தை ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போடலாமா? எதிர்வீட்டில் ஒருவர் மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுக் காய்ச்சினால் பூச்சி வராது என்கிறார், சரியா? காப்புக் கட்டும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் ஒரு பக்கத்தில் வைக்க ஆசை, நிற்குமா?

---

காலிகோ எழுதியது:

ஸ்பைரல் போடலாம். ஆனால் கடையில் தாள் கட்டின் தடிமனுக்கு ஏற்ற கம்பிச்சுருளைப் போட்டுவிடுவார்கள், நீங்கள் இன்னும் படமே மாட்டியிருக்க மாட்டீர்கள். ஒட்டியபின் ஆல்பம் முதலைவாய் மாதிரி பிளந்து நிற்கும். கணக்கு இப்படி: 300 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று ஏறக்குறைய 0.4 மி.மீ. 15 தாளுக்கு 6. மேலட்டை 2 மி.மீ. வீதம் இரண்டுக்கு 4. இரு பக்கமும் படம் வைத்தால் 30 படம், கால் மி.மீ. வீதம் 7.5. மூலைப்பிடி, சமிக்கி, பைகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 5 அல்லது 6. மொத்தம் 23க்குப் பக்கம். 32 மி.மீ. சுருள் கேளுங்கள். முதுகுப் பக்கம் 20 மி.மீ. வரை எதையும் ஒட்டாதீர்கள், ஓட்டை அங்கேதான் விழும். ஓட்டை போடும்போது ஒரு தடவைக்கு இரண்டு மூன்று தாளுக்கு மேல் விடவேண்டாம் என்று சொல்லுங்கள். கனத் தாளை அடுக்கி விட்டால் ஓட்டை விளிம்பு பிசிறும், வரிசை தப்பும். முதலில் ஓட்டை, பிறகு அலங்காரம், கடைசியில் சுருள்.

ஸ்பைரலுக்குப் பதில் தைத்து, காலிகோ என்ற பைண்டிங் துணி போடுவதென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையே முதுகில் 20 மி.மீ. அகலக் குறுந்தாள் ஒன்றைச் சேர்த்துத் தைக்க வேண்டும். படத்தின் தடிமன் அளவுக்கு முதுகும் தடிக்கும், வாய் மூடும். முதல் ஆல்பத்துக்கு ஸ்பைரலே போதும்.

---

பசைவாளி எழுதியது:

மைதாப் பசையைப் பழிக்காதீர்கள் தோழர்களே. பைண்டிங் பட்டறைகளில் நெடுங்காலம் ஓடியது அதுதான். மைதா 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. முதலில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றி, சிறுதீயில் கிண்டிக்கொண்டே பத்து நிமிடம். வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, துணியில் வடிகட்டினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒட்டிய தாளைச் சற்று நகர்த்திச் சரிசெய்ய நேரம் கொடுக்கும். பின்னாளில் ஈரத்துணி வைத்துப் பிரிக்கவும் முடியும், வெள்ளைப் பசையில் அது நடக்காது. இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளிக்கும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவது வழக்கம் என்பது உண்மை. இராமபாணப் பூச்சி மாவுப் பசை என்றால் விடாது, அதற்குத்தான்.

---

இருட்டறை எழுதியது:

பட்டறையில் கணக்குப் புத்தகத்துக்குச் சரி, வீட்டில் வேண்டாம். மயில்துத்தம் விஷம். குழந்தைகள் கைவைக்கிற வேலையில், அதுவும் சமையல் பாத்திரத்தில் காய்ச்சுகிற பசையில், அதற்கு இடமில்லை. செம்பு உப்பு தாளின் நாரையும் மெல்ல அரிக்கும், படத்துக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. மைதாப் பசையில் தண்ணீர் அதிகம் என்பதையும் மறக்காதீர்கள், காலிகோ சொன்ன அப்பளம் இதில் இரண்டு மடங்கு பொரியும். மேலட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், உள்பக்கங்களுக்கு வேண்டாம்.

பூச்சிக்கு மருந்து உலர்வுதான். ஆல்பத்தைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் 100 கிராம் சிலிகா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தானே காட்டும். சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள், ஓதம் அங்கேதான் ஏறும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் படத்தையும் கெடுக்கும். தை பிறந்து வெயில் வந்ததும் ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் விரித்து நிழலில் காற்றாட விடுங்கள்.

---

மடிப்புக்கணக்கு எழுதியது:

பூவைப் பற்றி: பூளைப்பூவுக்குக் கவலையில்லை, பறிக்கும்போதே பாதி காய்ந்த பஞ்சு மாதிரிதான் இருக்கும். பெரிய கொத்தைப் பிரித்துச் சிறு காம்பாக எடுத்து ஒரு வாரம் அமுக்கினால் போதும். ஆவாரம்பூ கொஞ்சம் சிரமம். காலையில் பனி காய்ந்த பிறகு பறித்து, அடியில் இருக்கும் தடித்த புல்லிவட்டத்தைக் கிள்ளிவிட்டு, மொட்டில்லாமல் விரிந்த பூவை மட்டும் அச்சடிக்காத நியூஸ்பிரிண்டுக்கு நடுவே வையுங்கள். முதல் மூன்று நாள் தினம் தாள் மாற்றினால் பத்து நாளில் தயார். மாற்றாவிட்டால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும், ஆல்பத்துக்குள் என்பதால் நாள்படத் தாங்கும். மஞ்சள்பொடி, குங்குமம் எதையும் தாளில் நேரே தடவாதீர்கள். மஞ்சள் வெளுத்துப்போகும், குங்குமம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வேப்பிலையும் பூவும் நேரே பக்கத்தில் ஒட்டாமல், பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, உறையை மூலைப்பிடியில் மாட்டுங்கள். உதிர்ந்தாலும் உறைக்குள்ளேயே கிடக்கும்.

அந்த ஒரு பக்கத்துக்குக் கையால் செய்த காகிதம் வாங்கிப் பாருங்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959இலிருந்து நடக்கிறது. பருத்தித் துணிக்கழிவிலிருந்து வருவதால் மரக்கூழ்த் தாள்போலப் பழுப்பேறாது. நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் இழைத் தொல்லையும் மிகக் குறைவு. கத்தியால் வெட்டாதீர்கள். ஸ்கேலை வைத்துத் தண்ணீர் தொட்ட தூரிகையால் இரண்டு முறை கோடு இழுத்து, அரை நிமிடம் விட்டு, மெல்ல இழுத்துக் கிழியுங்கள், பிசிறு ஓரம் தானாக வரும். பிரிண்டரில் மட்டும் விடவேண்டாம், பஞ்சு உதிர்ந்து உருளையை அடைக்கும். எழுதுவதற்கு முன் மூலையில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். மை பரவினால், எழுத்தை வேறு தாளில் எழுதி அதை இதன்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.